நெல்லி மரமில்லாத வளைவு

தோட்டத்தைப் பார்த்ததும் சண்முகப்பிரியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.

ஆர்.எஸ்.புரத்தில் பழைய வீடொன்றை இடித்து மாற்றிக் கட்டிய அந்த பிசியோதெரபி சென்டருக்கு அப்பாவை ஏழு மாதம் கழித்து அன்றைக்குத்தான் மறுபடி அழைத்து வந்திருந்தாள். அப்பா குமாரசாமி உள்ளே சிகிச்சைக்குப் படுத்திருந்தார். சும்மா உட்காரப் பிடிக்காமல் பின்கதவுப் பக்கம் போனவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சையைக் கண்டு, பரவாயில்லையே, கடைசியில் போட்டுவிட்டார்களே என்று நினைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்ற பிறகுதான் அந்த வளைவு கண்ணில் பட்டது.

பாதை கதவிலிருந்து நேராகப் போகிறது. பாதித் தூரம் தாண்டியதும் இடதுபக்கமாக ஒதுங்கி, ஒரு அரைவட்டம் அடித்து, மறுபடி பழைய கோட்டுக்கு வந்துவிடுகிறது. எதைச் சுற்றி அந்த அரைவட்டம் என்று பார்த்தால், அங்கே சுற்றிப்போக ஒன்றுமே இல்லை. பச்சை நிறப் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த வளைவை வரைந்தவள் அவள். வரைந்தபோது அங்கே ஒரு நெல்லி மரம் நின்றது.

வீடுகளுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் மிஞ்சிக் கிடக்கிற ரெண்டு சென்ட், மூணு சென்ட் இடங்களுக்குத் தோட்டம் வரைந்து கொடுப்பதுதான் சண்முகப்பிரியாவின் தொழில். வடவள்ளியில் வீட்டு மாடியறையே அலுவலகம். அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டதால் மகளோடு வந்து இருக்கிறார். அவரை இந்த சென்டருக்கு வாரம் மூன்று நாள் அழைத்து வந்துகொண்டிருந்தபோதுதான், சென்டரை நடத்தும் டாக்டர் கோமளா அவள் தொழிலைத் தெரிந்துகொண்டு, பின்னால் இருக்கிற இடம் சும்மா கிடக்கிறது, நோயாளிகள் நடந்து பழக ஒரு தோட்டமாக வரைந்து தர முடியுமா என்று கேட்டார். அப்பாவுக்கும் ஆகுமே என்று இவள் ஒத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டடி அகலம், நாற்பதடி நீளம். அதை வரைய அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் மூன்று நாளில் முடித்திருப்பாள். காலை பத்து மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, மாலை நாலு மணிக்கு எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டு ஏசி அனலை எந்த மூலைக்குத் தள்ளுகிறது என்றெல்லாம் நின்று பார்த்தாள். வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போட்டு அப்பாவை நடக்கவைத்து அளந்தாள். அவருடைய இடது கால் அரை அங்குலம்கூட எழும்பவில்லை, தேய்ந்துகொண்டேதான் வந்தது. அதனால் அவள் வரைந்த பாதையில் எங்கேயும் கால் தட்டுகிற மாதிரி ஒரு விளிம்பு கிடையாது. வாக்கருக்கு ரெண்டடி, கூட வருகிறவர் பக்கத்தில் நடக்க ரெண்டடி, ஆக நாலடி அகலம். தரை சொரசொரப்பான சிமெண்ட். இடது பக்கம் விழுந்தவர்கள் வலது கையால் பிடிப்பார்கள், வலது பக்கம் விழுந்தவர்கள் இடது கையால் பிடிப்பார்கள் என்பதால் இரண்டு பக்கமும் கைப்பிடி. அப்பாவுக்கு இருபத்தாறு அடியில் மூச்சு வாங்கியது. கதவிலிருந்து சரியாக இருபத்தாறாவது அடியில் அந்த நெல்லி மரம் நின்றது. அங்கே நிழலில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே கை நீட்டித் தொடுகிற உயரத்தில் தொட்டிகள், அவற்றில் கற்பூரவல்லியும் மருக்கொழுந்தும் துளசியும். விரல் மரத்துப்போனவர்களுக்கு வாசம் பிடிக்கும், கசக்கிப் பார்க்க ஆசை வரும் என்று யோசித்தாள். நெல்லிக்காய் விழுந்து பாதையில் உருண்டு யாரும் வழுக்கிவிடக் கூடாதென்று மரத்தைச் சுற்றி அகலமான பாத்தி. அந்தப் பாத்தியைச் சுற்றித்தான் வளைவு.

வரைபடத்தை அனுப்பியதும் டாக்டர் கோமளா ஒரு கும்பிடு படம் அனுப்பினார். ரெண்டு வாரம் கழித்து, இப்போதைக்குத் தோட்ட வேலை வேண்டாம், நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொன்னார். அப்பாவுக்கும் வடவள்ளியிலேயே வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிற ஆள் கிடைத்துவிட்டதால் இந்தப் பக்கம் வருவது நின்றுபோனது. அந்த ஆள் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார் என்றுதான் திரும்ப வந்தது.

இப்போது அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். சிமெண்ட் பாதை இல்லை. தோசைக்கல் மாதிரி வட்ட வட்டமாகக் கருங்கல் பலகைகள், நடுவில் நாலு விரல் இடைவெளி, இடைவெளி முழுக்க வெள்ளைக் கூழாங்கல். கைப்பிடி ஒரு பக்கம்கூட இல்லை. பெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்டில் செய்த ஒரு பெரிய காளான். தொட்டிகளில் கற்பூரவல்லிக்குப் பதிலாக முள்ளு முள்ளாய்க் கள்ளி. தொட்டுப் பார்க்கச் சொல்லி வரைந்த இடத்தில் கள்ளி. திருடினது ஒரு கோபம் என்றால், திருடினதை இப்படிக் கெடுத்து வைத்திருந்தது அதைவிடப் பெரிய கோபமாக வந்தது.

மூலையில் ஒருவர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பேர் கண்ணையா என்றும், இந்தத் தோட்டத்தைக் கட்டினதும் இப்போது பராமரிப்பதும் தான்தான் என்றும் சொன்னார். எந்தப் படத்தை வைத்துக் கட்டினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, ஒளிக்காமல் செல்போனைத் தேடி எடுத்துக் காட்டினார். அவளுடைய படமேதான். அவளுடைய கையெழுத்துகூட அங்கங்கே இருந்தது. கீழே பேரும் தேதியும் இருந்த பட்டை மட்டும் இல்லை.

“அந்தப் பக்கத்தை வெட்டிப்போட்டுத்தானுங்க எங்கிட்டக் குடுத்தாங்க,” என்றார் கண்ணையா. “கைப்பிடிக்குக் கோடு போட்டிருக்குதே, போடோணுமான்னு கேட்டேனுங்க. வேண்டாம்னுட்டாங்க. மரமும் வெட்டச் சொன்னாங்க, குப்பை விழுகுதுன்னு. அப்ப வளைவை நேராக்கிப்போடட்டுங்களான்னு கேட்டேன். படத்துல எப்படியோ அப்படியே போடுன்னாங்க.”

படத்தில் எப்படியோ அப்படியே. அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

உள்ளே திரும்பி வந்தாள். காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளில் ஒரு அம்மாள் வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறாராம், பேர் சாந்தாமணி. கால் பலவீனத்துக்காகத்தான் இங்கே வந்துகொண்டிருந்தார். கை எப்படி ஒடிந்தது என்று சண்முகப்பிரியா கேட்டாள். தோட்டத்தில் நடக்கும்போது கால் மாட்டி விழுந்துவிட்டதாகவும், ரெண்டு வாரம் ஆகிறதென்றும் சொன்னார். பார்த்து நடக்க வேண்டாமா என்று எல்லாரும் சொன்னார்களாம்.

“என்ற தப்புதானுங்க, கண்ணு,” என்றார். “பாத்துக் கால் வெச்சிருக்கோணும்.”

அதற்கு மேல் சண்முகப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை. அதுவரைக்கும் தன்னுடைய படம், தன்னுடைய மூன்று வாரம் என்றுதான் கொதித்துக்கொண்டிருந்தாள். இப்போது வேறு கொதிப்பு. விழவைத்தவர்கள் சொகுசாக இருக்க, விழுந்த அம்மாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டர் கோமளாவின் அறைக்கதவைத் தட்டி உள்ளே போனாள். பழைய மில் குடும்பத்துப் பெண்மணி. ஐம்பத்தைந்து வயது, வெள்ளைக் கோட்டுக்குள் பருத்திச் சேலை, பேச்சில் தேன். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்று அப்பாவின் உடம்பை விசாரித்துவிட்டு, தோட்டம் பார்த்தீர்களா, எப்படி இருக்கிறது என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வியில் துளி உறுத்தலும் இல்லை.

“அது நான் வரைஞ்சதுங்க டாக்டர்.”

“ஐடியா உங்களுதுதான், நான் இல்லைன்னே சொல்லலைங்க ப்ரியா. ஆனா தோட்டம்னா ஒரு பாதை இருக்கும், நாலு செடி இருக்கும். எல்லாரும் போடறதுதானே. இதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாங்களா?”

“எல்லாரும் போடற பாதை எதுக்குங்க அந்த எடத்துல வளையுது?”

“அது ஒரு டிசைனுங்க.”

“அது மரங்க டாக்டர்.”

கோவைக்காரிக்குக் கோபம் வந்தாலும் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ வந்துவிடுகிறது. ஊரில் பிறந்து வளர்ந்த வாய், அதை விட்டுவிட்டுப் பேசத் தெரியவில்லை. கைப்பிடியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள். கைப்பிடி போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது, திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க நன்றாக வராது என்றார் டாக்டர். இது ஆஸ்பத்திரிதானுங்களே என்றாள் இவள். அந்த அம்மாள் விழுந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, வயசானவர்கள் எங்கேயும் விழுவார்கள், வீட்டுக் குளியலறையில்கூட விழுவார்கள் என்று பதில் வந்தது. அடுத்த நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி, கைகூப்பி, மிகவும் மரியாதையாக அவளை வெளியே அனுப்பிவைத்தார்.

வெளியே வந்தவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போய்ப் பின்கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. அந்தக் கதவு வழியாக இன்றைக்கு யாரும் நடக்கப் போகக் கூடாது, அது மட்டும்தான் தெரிந்தது.

ஐந்து நிமிஷத்தில் பயிற்சி தரும் பெண் ஒருத்தி குமாரசாமியை வாக்கரோடு அந்தப் பக்கமாகவே அழைத்து வந்தாள். தோட்டத்தில் பத்து நிமிஷம் நடப்பது சிகிச்சையில் கடைசி அம்சமாம். சண்முகப்பிரியா எழவில்லை. அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு கெஞ்சினாள், பிறகு மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் வந்து, மேடம் கொஞ்சம் வழிவிடுங்கள் என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமாரசாமிக்கு முகம் சிறுத்துப்போயிற்று. ஊரில் சபையில் நாலு பேர் நடுவே சத்தம் போட்டுப் பழகாத மனுஷன்.

“அம்மணி, நாலு பேரு பாக்கறாங்க. எந்திரி, போலாம்.”

“பாக்கட்டுங்கப்பா,” என்றாள் அவள்.

டாக்டரே வந்தார். தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. இது நோயாளிகள் இருக்கிற இடம், இப்படிச் செய்வது நியாயமில்லை, வேண்டுமானால் தோட்டத்தில் உங்கள் பேரை ஒரு பலகையில் எழுதி வைக்கிறேன் என்றார். அந்தச் சொல்தான் அவளை எழுப்பியது. பேருக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்களா? அந்த அம்மாள் விழுந்து கை ஒடித்துக்கொண்ட இடத்தில் என் பேரை எழுதி மாட்டுவார்களா?

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவருடைய வாக்கரைத் தான் எடுத்துக்கொண்டாள். கதவை முழுசாகத் திறந்துவைத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி, அப்பா நடக்கிற வேகத்தில் அந்தப் பாதையில் வாக்கரை வைத்து நகர்த்தினாள். முதல் கல்லில் நின்றது. ரெண்டாவது கல்லுக்குத் தூக்கி வைக்கும்போது முன்கால் ஒன்று கூழாங்கல்லுக்குள் இறங்கியது. வாக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் பிடிக்காமல் கையை எடுத்தாள். அது கடகடவென்று கருங்கல்லில் மோதி விழுந்தது.

அவள் எடுத்து நிமிர்த்தி, மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை வைக்கப் போகும்போது பின்னாலிருந்து சாந்தாமணியின் குரல் வந்தது. மாவுக்கட்டுக் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எப்படியோ எழுந்து கதவு வரைக்கும் வந்துவிட்டிருந்தார்.

“அப்ப என்ற தப்பு இல்லீங்களா?”

டாக்டரைப் பார்த்துத்தான் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். டாக்டர் கோமளா மேனேஜர் பக்கம் திரும்பி, கயிறு கட்டி மூடிவையுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். சண்முகப்பிரியாதான் அந்த அம்மாளிடம் போய், இல்லைங்கம்மா, உங்கள் தப்பு துளியும் இல்லை என்று சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

பத்து நாள் கழித்துக் கண்ணையா போன் பண்ணினார். பாதையைப் பெயர்த்துச் சிமெண்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள், கைப்பிடியும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அளவு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, அவளிடம் கேட்கலாமா என்று கேட்டார். டாக்டர் கேட்கச் சொன்னாரா என்று அவள் கேட்டாள். இல்லை, தானாகத்தான் கேட்பதாகக் கண்ணையா சொன்னார்.

அன்றைக்குக் காலை முழுக்க அவள் மாடியறையில் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தாள். மறுபடியும் கொடுப்பதா? வெட்டியெறிந்த பேர்ப் பட்டையை ஒட்டிக்கூடக் கொடுக்காதவர்களுக்கு? கொடுக்காவிட்டால் கைப்பிடி தப்பான உயரத்தில் வரும், இன்னொருவர் விழுவார். மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய் நின்றாள். டேப்பைப் பிடித்து ஒவ்வொரு கம்பிக்கும் அளவு குறித்துக் கொடுத்தாள். கள்ளித் தொட்டிகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கற்பூரவல்லியும் மருக்கொழுந்தும் துளசியும் வைக்கச் சொன்னாள். காளான் போய்ப் பெஞ்சு வந்தது. வேலை நடந்த ரெண்டு நாளும் டாக்டர் அறைக் கதவு சாத்தியே இருந்தது.

கடைசியாகக் கண்ணையா வளைவுக்கு வந்து நின்றார். இதை என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

சண்முகப்பிரியா அந்த அரைவட்டத்தைப் பார்த்தாள். இந்தத் தோட்டம் அவளுடையது என்பதற்கு அங்கே மண்ணில் மிஞ்சியிருந்த ஒரே அத்தாட்சி அதுதான். யார் வந்து கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடலாம். ஆனால் மரம் இல்லாத வளைவு கால் இழுத்து நடக்கிறவருக்குத் தண்டனை. நாலடி கூடுதலாக நடக்க வேண்டும், ரெண்டு தடவை உடம்பைத் திருப்ப வேண்டும். எதற்கு?

“நேராக்கிப்போடுங்க,” என்றாள்.

சொன்ன கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதை உடைப்பதை நின்று பார்க்க முடியவில்லை. வடவள்ளி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

குமாரசாமி இப்போது அந்தத் தோட்டத்தில்தான் நடக்கிறார். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு வரைக்கும் போய், மருக்கொழுந்தைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். சாந்தாமணிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. டாக்டர் அவருக்கு ஒரு கூடை பழம் கொடுத்து, மூன்று மாதச் சிகிச்சையை இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னாராம். தப்பு யாருடையது என்று மட்டும் சொல்லவில்லையாம். அதைக் கேட்ட நாளிலிருந்து சண்முகப்பிரியா டாக்டரின் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதில்லை. ஒரு நாள் சென்டர் வராந்தாவில் நேருக்கு நேர் வந்தபோது, இன்னுமா கோபம் என்று டாக்டர் சிரித்தபடி கேட்டார். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்குப் போய்விடும் என்று இவள் சொன்னாள். டாக்டர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

போன மாதம் ஊர்ச் செய்திகள் போடும் ஒரு பத்திரிகையில் அந்தத் தோட்டத்தின் படம் முழுப்பக்கத்துக்கு வந்தது. கைப்பிடிகள் பளபளவென்று தெரிந்தன. நோயாளிகளின் நலனுக்காக ஒவ்வொரு அங்குலத்தையும் தானே யோசித்து வடிவமைத்ததாக டாக்டர் கோமளா பேட்டி கொடுத்திருந்தார். எந்தச் செடிக்கு என்ன வாசம், அது விரல் மரத்துப்போனவர்களுக்கு எப்படி உதவும் என்பது வரைக்கும் சொல்லியிருந்தார். அவள் படத்தின் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புதான், வார்த்தை மாறாமல்.

அன்றைக்கே தேதியோடு மூலப்படத்தை அனுப்பி, நடந்ததை எழுதி, பத்திரிகைக்குக் கடிதம் போட்டாள். ரெண்டு வாரம் பதிலில்லை. மூன்று தடவை போன் செய்து கேட்ட பிறகு, வரும் இதழில் போடுகிறோம் என்றார்கள். போட்டார்கள். பத்தாம் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, கட்டை விரல் அகலத்துக்கு. தோட்டத்தின் ஆரம்ப வரைபடத்தைத் தயாரிப்பதில் வடவள்ளியைச் சேர்ந்த சண்முகப்பிரியன் என்ற இளைஞர் உதவினார் என்று இருந்தது.

காலைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. குமாரசாமி கண்ணாடியை மாட்டி அந்த வரியை ரெண்டு தடவை வாசித்தார். கோணியிருந்த வாய் ஒரு பக்கமாக நெளிந்தது. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“சிரிக்காதீங்கப்பா,” என்று சொல்லிவிட்டு, சண்முகப்பிரியா பத்திரிகை அலுவலகத்து எண்ணை நாலாவது தடவையாக அழுத்தினாள்.